மாமியார் பீரங்கியும் யாரெமாவின் குண்டும்

மே 6

காலையில் ஐந்து குண்டு வந்தது. பெயர் எழுதச் சொல்லிக் காத்திருப்பவர்கள் நாற்பது பேருக்கு மேல்.

கிரெமென்சுக் பேக்கரியில் இருபது வருஷம் கேக் மேல் ‘பிறந்தநாள் வாழ்த்துகள்’ எழுதியவளுக்கு உக்ரைன் ராணுவம் கொடுத்திருக்கும் வேலை, பீரங்கிக் குண்டு மேல் ‘பிறந்தநாள் வாழ்த்துகள்’ எழுதுவது. பதவி உயர்வு என்றுதான் சொல்ல வேண்டும். கேக்கில் கொம்பு சுழி தப்பினால் வாடிக்கையாளர் கடை வாசலில் நின்று கத்துவார். குண்டைப் பெற்றுக்கொள்கிற ரஷ்யர்கள் இதுவரை ஒரு குறையும் சொன்னதில்லை.

ஏற்பாடு கேப்டன் லூபோமிருடையது. போருக்கு முன்னால் விளம்பரக் கம்பெனியில் இருந்தவர், அந்தப் புத்தி எங்கே போகும்? வெளியில் இருப்பவர்கள் நன்கொடை அனுப்புவார்கள், என்ன எழுத வேண்டும் என்றும் சொல்வார்கள். நான் வெள்ளைப் பெயின்ட் பேனாவால் எழுதுவேன். போட்டோ எடுத்து அனுப்புவோம். பிறகு குண்டு அதன் வழியில் போகும். குண்டு போதாத நாளில் ஒரே குண்டுக்கு நாலு பக்கமும் நாலு பெயர். அதுவும் போதாவிட்டால் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு மறுபடியும் எழுது.

“கோணத்த மாத்தி எடுங்கக்கா, ஒரே குண்டுன்னு தெரியக் கூடாது” என்கிறார் கேப்டன்.

எல்லாம் ஒரு பெட்டிக்காக. ஜாம்மர். பிக்கப் வண்டியின் கூரையில் வைத்தால், வருகிற ட்ரோனுக்கும் அதை எங்கேயோ உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கும் நடுவில் ஓடும் ரேடியோவை அடைத்துவிடும். ட்ரோன் குருடாகி விழுந்துவிடும். எங்கள் வண்டியில் அது இல்லை. இருந்திருந்தால் ஏப்ரலில் யாரெமா செத்திருக்க மாட்டான். இந்த ஒரு வரியை மட்டும் கிண்டல் இல்லாமல் எழுதுகிறேன்.

மே 8

பீரங்கிக்குப் பெயர் மாமியார். என்னைவிட மூத்தவள். எப்போதாவதுதான் வாயைத் திறப்பாள், திறந்தால் ஊரே அதிரும், அதன்பிறகு நாங்கள் எல்லோரும் ஓடிப் பதுங்கு குழியில் ஒளிய வேண்டும். பெயர் வைத்தது பனாஸ் அண்ணன். அறுவடை இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தவர், இப்போது பீரங்கித் தலைவர். அவருடைய சொந்த மாமியார் உயிரோடு இருக்கிறார், இந்த விஷயம் அவருக்குத் தெரியாது.

குண்டு தூக்குவது இரண்டு மச்சான்கள். ஒருவனுடைய அக்காவை மற்றவன் கட்டியிருக்கிறான், அதனால் பேச்சுவார்த்தை கிடையாது. குண்டைத் தள்ளிவிடுகிற வெடிமருந்துப் பைகளை எண்ணி வைப்பது நான். குண்டுகளைப் பின்னாலிருந்து பிக்கப்பில் கொண்டுவருவது நெஸ்டோர், ஒடெஸாவில் டாக்சி ஓட்டியவன். வாய் மூடாது.

நெஸ்டோருக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவன் யாரெமா. அவனைப் போல் தூங்குகிறவனை நான் பார்த்ததே இல்லை. மாமியார் சுடும்போதே காலிப் பெட்டிகள் மேல் படுத்துத் தூங்குவான். ரயில்வே கேட் ஓரத்து வீட்டில் வளர்ந்தவன். சத்தம் அவனுக்குத் தாலாட்டு.

மே 13

இன்றைய பட்டியலில் இருந்து:

ஒரு பல் மருத்துவர், கனடாவிலிருந்து: ‘வலிக்கவே வலிக்காது’.

வீட்டுமனை விற்கிறவர் ஒருவர்: தன் கடையின் பெயர், முகவரி, வேலை நேரம். ரஷ்யப் பதுங்கு குழியில் யார் மனை வாங்குவார்கள் என்று தெரியவில்லை.

ஒரு பெண் தன் முன்னாள் கணவனின் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறாள். விசாரித்தால் ஆள் இங்கே, பொல்தாவாவில்தான் இருக்கிறான். “அவர் நம்ம ஆளுதானே மேடம்?” என்று கேப்டன் கேட்டாராம். “இருந்துட்டுப் போகட்டும், நீங்க எழுதுங்க” என்றாளாம்.

கடைசியாக ஒன்று. பெயர் மட்டும்: ‘யாரெமா’. அனுப்பியவர் பரஸ்கா, ரயில்வே கேட் காவலர், மிர்ஹொரோட் பக்கம். கீழே ஒரு குறிப்பு: ‘போட்டோ வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் சொன்னால் போதும்.’

அவன் அம்மா.

கல்யாண கேக்குக்கு எழுதுகிற எழுத்தில் எழுதினேன். குண்டைச் சுற்றி எல்லோரும் வந்து நின்றார்கள். பனாஸ் அண்ணன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“இது அடியில இருக்கட்டும்” என்றார். “முதல்ல பல் டாக்டர் போகட்டும்.”

மே 20

பல் டாக்டர் போனார். மனைக்காரர் போனார். முன்னாள் கணவர் போனார், யாருக்கும் வருத்தமில்லை.

யாரெமா இன்னும் அடியில்.

மே 29

குவியல் தீரும்போதெல்லாம் ஒரே நாடகம். மச்சான்களில் மூத்தவன் யாரெமாவின் குண்டில் கை வைப்பான், பனாஸ் அண்ணன் இருமுவார், கை விலகும். “புதுசு வந்துரும், கொஞ்சம் பொறு.” நெஸ்டோர் புதுசு கொண்டுவருவான். யாரெமா மறுபடியும் அடியில்.

கேட்டேவிட்டேன்.

“ஏண்ணே, அந்தம்மா காசு கட்டிருக்காங்க. எப்பதான் அனுப்பப் போறீங்க?”

“ஒரு தடவ அனுப்பினது நான்தான் ஒரிஸ்யா. ‘போயி குண்டு எடுத்துட்டு வாடா’ன்னு நான்தான் அன்னிக்கு எழுப்பிவிட்டேன். நல்லாத் தூங்கிக்கிட்டிருந்தவன.” அடியில் கிடந்த குண்டைப் பார்த்தார். “ரெண்டாவது தடவையும் நானே அனுப்பணுமாக்கும்?”

தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 11

நேற்று மழை. மச்சான்கள் இருவரும், ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசாமலே, யாரெமாவின் பழைய தூக்கப் பையை எடுத்து அந்தக் குண்டுக்குப் போர்த்தியிருக்கிறார்கள். ஜிப்பையும் கழுத்துவரை இழுத்துவிட்டிருக்கிறார்கள். குண்டுக்குச் சளி பிடிக்கும் பாருங்கள்.

குண்டின் மூக்கில் திருகுகிற வெடிமுனை தனியாக வரும். யாரெமாவுக்கென்று ஒன்றைப் பனாஸ் அண்ணன் எடுத்துக் காலுறையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். வேர்வை, மழை, புகையிலைத் தூள் எல்லாம் அதற்குள்ளேதான். “கெட்டுப்போயிடும் அண்ணே” என்றால், “என் நெஞ்சு மேலதானே இருக்கு, எங்க கெட்டுப்போகுது?” என்கிறார். பொறியியல் விளக்கம் முடிந்தது.

ஜூன் 24

கேப்டன் வந்தார். கையில் போன்.

“பரஸ்கா மேடம் ஆர்டர் என்னாச்சு? மே மாசத்து ஆர்டர். நம்ம பேரு என்ன ஆகும்?”

“வரிசையில இருக்கு கேப்டன்” என்றார் பனாஸ் அண்ணன்.

கேப்டன் தூக்கப் பையைப் பார்த்தார். ஜிப்பைத் திறந்து எட்டிப் பார்த்தார். மூடினார். போனைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார். அந்த மனுஷனுக்குள் ஏதோ இருக்கிறது. வெளியே வர மறுக்கிறது, அவ்வளவுதான்.

ஜூலை 2

பக்கத்துப் பீரங்கிக்கு வழிகாட்டிக் குண்டு வந்திருக்கிறது. குண்டுகளில் பட்டதாரி. சும்மா விழாது, செயற்கைக்கோளிடம் வழி கேட்டுக் கேட்டுப் போய், சொன்ன ஜன்னலுக்குள் நுழையுமாம். அதைத் தொட்டுப் பார்க்கவே ஆட்கள் கை கழுவிக்கொண்டு போனார்கள்.

சுட்டதும் எதிரி அதன் காதை அடைத்துவிட்டான். வழி கேட்டது, பதில் வரவில்லை, எங்கோ காலிக் காட்டில் போய் ஒரு குழி தோண்டியது. எங்கள் மாமியார் யாரையும் வழி கேட்டதில்லை. அவளும் சில நாள் காட்டில்தான் குழி தோண்டுகிறாள், ஆனால் செலவு குறைவு.

ஜூலை 19

சாகவில்லை. அதையும் எழுதிவைக்க வேண்டுமே.

மத்தியானம் போர்ஷ் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் தையல் மெஷின் சத்தம். இலக்கு கிடைக்கும்வரை வானத்தில் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டுப் பாயுமே, லான்செட் ட்ரோன், அது. மாமியாரைத் தேடித்தான் வந்தது. நாங்கள் அவளுக்கு மேல் கட்டியிருந்த கோழிக்கூட்டுக் கம்பிவலையில் முட்டி, அங்கேயே வெடித்தது. மாமியாருக்குச் சில கீறல். போர்ஷ் பூராவும் மண்.

உடைந்த சிறகு ஒன்று மரத்தில் மாட்டியிருந்தது. அதில் பேனாவால் பூப்படம், கீழே ரஷ்ய மொழியில் ‘மூன்றாம் வகுப்பு மாணவர்களின் அன்புடன்’. எழுத்து கோணல், வரி சரிகிறது. எவனோ பிள்ளைகள் கையில் பேனாவைக் கொடுத்திருக்கிறான். அவர்களுக்கும் ஒரு கேப்டன் லூபோமிர் இருப்பான்போல.

பனாஸ் அண்ணன் முதலில் ஓடிப்போய்ப் பார்த்தது எதை? பீரங்கியை இல்லை. தூக்கப் பையை.

ஆகஸ்ட் 4

பரஸ்கா அம்மா எப்படியோ என் போன் எண்ணைப் பிடித்துவிட்டார்.

“நீதானே பேரு எழுதுற பொண்ணு? என் மகன் பேரு போயிடுச்சாம்மா?”

“வரிசையில இருக்கும்மா.”

“அது சரி. ஸ்கூல்லயும் அவன் வரிசையில கடைசிதான். அதுவும் பாதி நாள் நான் இழுத்துட்டுப் போயி விடணும்.” பின்னால் ரயில் போகிற சத்தம். அது முடியும்வரை காத்திருந்தார். “நான் வெடிக்கணும், கொல்லணும்னெல்லாம் கேக்கலம்மா. அவன் பாதி வழியிலயே நின்னுட்டான். அந்த ரோட்டோட. அந்தப் பக்கம் வரைக்குமாவது அவன் பேரு போகணும். போனாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.”

சரிம்மா என்றேன். வைத்த பிறகு பனாஸ் அண்ணனிடம் அப்படியே சொன்னேன். அவர் சட்டைப் பையை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டு கோடரியை எடுத்து விறகு பிளக்கப் போய்விட்டார். ஆகஸ்டில் எதற்கு விறகு?

எனக்குக் கோபம் வருது. செத்தவன ஒளிச்சு வச்சுக்கிட்டு, பெத்தவகிட்ட பொய் சொல்ல வைக்கிறாங்க என்னை.

ஆகஸ்ட் 21

ஜாம்மர் வந்தது!

பச்சைப் பெட்டி, நாலு கொம்பு. கேப்டன் ரிப்பன் கட்டி வைத்திருந்தார், வெட்டக் கத்தரி இல்லாமல் ரொட்டிக் கத்தியால் அறுத்தார். பெட்டி முழுக்க நன்கொடையாளர்களின் ஸ்டிக்கர். பல் டாக்டர் நடுவில் இருக்கிறார். நெஸ்டோர் பெட்டியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தான். “இவதான் இனி என் பொண்டாட்டி. யாரும் பக்கத்துல உக்காரக் கூடாது.”

நானும் சந்தோஷப்பட்டேன். எத்தனை பேர் பெயரை எழுதி, எத்தனையைத் துடைத்து, இந்தப் பெட்டி.

ஆகஸ்ட் 30

நெஸ்டோர் வந்து ஒரு நூலைக் காட்டினான். மயிரைவிட மெல்லிசு, கண்ணாடி போல மின்னுகிறது. வழியெல்லாம் சூரியகாந்திச் செடிகள் மேல் சிலந்தி வலை மாதிரி கிடக்கிறதாம்.

எதிரியின் ட்ரோன்கள் இப்போது வாலில் ஒரு கண்ணாடி நூலை இழுத்துக்கொண்டு வருகின்றன, காற்றாடிக்குக் கட்டுவதுபோல. ஓட்டுகிறவனுக்கு அந்த நூல் வழியாகவே எல்லாம் தெரியும். ரேடியோவே கிடையாது. ரேடியோ இல்லாத இடத்தில் ஜாம்மர் எதை அடைக்கும்?

பெட்டி வந்து பத்து நாள் ஆகவில்லை.

“விளக்கு மட்டும் நல்லா எரியுதுக்கா” என்றான் நெஸ்டோர். “ராத்திரி புத்தகம் படிக்கலாம்.”

சிரித்தோம். சிரிக்காமல் என்ன செய்வது? நாலு மாதம்!

செப்டம்பர் 6

நெஸ்டோர் நடந்து வந்தான். வண்டி இல்லை.

நூல் பளபளப்பதை வண்டியின் பக்கக் கண்ணாடியில் பார்த்ததும் கதவைத் திறந்து குதித்துவிட்டானாம். முழங்கை பெயர்ந்திருக்கிறது, ஒரு காது கேட்கவில்லை. வண்டியோடு எங்கள் குண்டுகள் எல்லாம் போயின. ஜாம்மர் மட்டும் சாலையோரம் போய் விழுந்து, பச்சை விளக்கு எரிய எரியக் கிடக்கிறதாம்.

கேப்டன் கேட்ட முதல் கேள்வி: “ஸ்டிக்கரெல்லாம் தப்பிச்சுதா?” அடுத்த நொடியே முகம் மாறி நெஸ்டோரை இழுத்துக் கட்டிக்கொண்டார். பெயர்ந்த முழங்கையோடு சேர்த்து. அவன் போட்ட கத்தலில் அவனுக்கே அந்தக் காது திறந்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 9

சாலை மூடியாயிற்று. புதுக் குண்டு கிடையாது. இருப்பது ஒன்றே ஒன்று, தூக்கப் பையில்.

காலையில் ரேடியோவில் நாரை கூப்பிட்டான். எங்களுக்கு முன்னால் அகழியில் இருக்கும் காலாட்படைத் தலைவனின் அழைப்புப் பெயர் அது.

“மாமியாரே, மாமியாரே. எனக்கு ரெண்டு பேரு அடிபட்டுக் கிடக்காங்க. எதுத்தாப்பல பதுங்கு குழி வாசல்ல இருந்து சுட்டுக்கிட்டே இருக்கானுங்க, தூக்கிட்டுப் போக விடல. வாசல்ல ஒண்ணு போடுங்க. ஒண்ணே ஒண்ணு போதும்.”

பனாஸ் அண்ணன் பேசும் கருவியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம்.

“மாமியாரே, கேக்குதா? குண்டு இருக்கா இல்லியா?”

“இருக்கு” என்றார். “எழுப்பறோம், இரு.”

மச்சான்கள் ஜிப்பைத் திறந்தார்கள். இளையவன், மாதக்கணக்கில் பேசாதவன், மூத்தவனிடம், “மெதுவா மாமா” என்றான். மூத்தவன், “தெரியும்டா” என்றான். பனாஸ் அண்ணன் காலுறையைப் பிரித்து, வெடிமுனையை ஊதி, சட்டையில் துடைத்துத் திருகினார். நான் மருந்துப் பைகளை இரண்டு தரம் எண்ணினேன். நெஸ்டோர் ஒற்றைக் கையால் குண்டைத் தட்டிக் கொடுத்து, “போயிட்டு வாடா” என்று சொல்லிவிட்டு, சொன்னது உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மாமியார் வாயைத் திறந்தாள்.

காத்திருந்தோம். வரவேண்டிய சத்தம் வரவில்லை.

“மாமியாரே, விழுந்துச்சு. சரியா வாசல்ல. ஆனா வெடிக்கல.”

பனாஸ் அண்ணன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். நான்தான் கெடுத்தேன், என் சட்டைப் பைதான் கெடுத்தது என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. எத்தனை தடவை சொன்னேன், கெட்டுப்போயிடும்னு! அங்க ரெண்டு உசிரு கிடக்குது!

மறுபடியும் ரேடியோ. நாரையின் குரலே மாறியிருந்தது.

“ஏய்... ஓடறானுங்க. பின்பக்கமா ஓடறானுங்க! வாசல்ல இவ்வளவு பெரிசா குண்டு படுத்துக் கிடக்குது, எவன் தாண்டுவான்? நாங்க தூக்கறோம், தூக்கறோம்!”

மாலையில் செய்தி வந்தது. அடிபட்ட இருவரும் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

செப்டம்பர் 10

கேப்டன் பரஸ்கா அம்மாவுக்கு வழக்கமான வாசகத்தை அனுப்பத் தயாராக வைத்திருந்தார்: ‘உங்கள் வாழ்த்து வெற்றிகரமாகச் சேர்ந்தது, இலக்கு அழிக்கப்பட்டது, நன்றி.’

“அத அனுப்பாதீங்க கேப்டன்” என்றேன். “நான் பேசறேன்.”

“வெடிக்கலன்னு சொல்லப் போறீங்களா? அந்தம்மா மனசு உடைஞ்சிரும்க்கா.”

“அந்தம்மாகிட்ட இதுவரைக்கும் சொன்ன பொய் போதும்.”

போன் போட்டேன்.

“அம்மா, போயிடுச்சும்மா. அந்தப் பக்கம் போய்ச் சேந்துடுச்சு.”

அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

“ஆனா வெடிக்கலம்மா. பதுங்கு குழி வாசல்லயே படுத்துக் கிடக்கு. தாண்டப் பயந்துகிட்டு எல்லாரும் ஓடிட்டானுங்க. நம்ம பசங்க ரெண்டு பேரத் தூக்கிட்டு வந்தாச்சு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.”

“படுத்துக் கிடக்கானா?”

நான் ‘கிடக்கு’ என்றேன். அவர் ‘கிடக்கானா’ என்றார். நான் திருத்தவில்லை.

“ஆமாம்மா.”

சிரித்தார். நான் எதிர்பார்க்கவே இல்லை, வாய்விட்டுச் சிரித்தார். “அடப்பாவி! அங்க போயுமா? எக்ஸ்பிரஸ் வண்டி போறப்ப ஜன்னல் கண்ணாடி எல்லாம் ஆடும்மா, புரண்டுகூடப் படுக்க மாட்டான். ஸ்கூல் வாத்தியாரு வந்து எழுப்பிப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருக்காரு.” சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. நானும் அழுதேன். கேப்டன் எழுந்து வெளியே போய்விட்டார்.

கடைசியில் கேட்டார்: “அவன யாராவது எழுப்புவாங்களாம்மா?”

“யாரும் கிட்டயே போக மாட்டாங்கம்மா.”

“நல்லது. தூங்கட்டும்.”

செப்டம்பர் 13

காலையில் பரஸ்கா அம்மாவிடமிருந்து போனில் ஒரே சொல்: ‘தூங்குறானா?’

நாரையைக் கேட்டேன். நாரை உளவு ட்ரோன் ஓட்டுகிறவனைக் கேட்டான். பதில் வந்தது. அனுப்பினேன்.

செப்டம்பர் 22

தினமும் கேட்கிறார். தினமும் பதில் போகிறது. ரஷ்யர்கள் அந்தக் குழிக்குத் திரும்பவே இல்லை. ஒரு ட்ரோனை ஏவி வெடிக்கவைக்கப் பார்த்தார்கள், அது மரத்தில் முட்டிக்கொண்டது.

தினமும் காலையில் அங்கே ஒரு ட்ரோன் போய்ப் பார்த்துவிட்டு வர கேப்டன் உத்தரவு போட்டிருக்கிறார். காரணம் ‘முக்கியக் கண்காணிப்பு’ என்று மேலிடத்துக்குச் சொல்லியிருக்கிறார். முதல் தடவையாக அவருடைய விளம்பர மூளை ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது. நான் அவரிடம் சொல்லவில்லை, தலை கனத்துவிடும்.

ஒரு பெரிய கம்பெனிக்காரர், ‘வெடிக்காமலே விரட்டிய குண்டு’ பக்கத்தில் தன் பெயரும் வர என்ன செலவாகும் என்று கேட்டிருக்கிறார். நேரில் போய் எழுதிவிட்டு வரச் சொன்னேன்.

செப்டம்பர் 30

எங்களை வேறு பக்கம் மாற்றுகிறார்கள். மாமியாரை இழுத்துப்போக வண்டி வந்துவிட்டது. இங்கே புது ஆட்கள், நாரைக்கும் மாற்று. எல்லோரும் சின்னப் பசங்கள், முகம்கூடத் தெரியாது.

பனாஸ் அண்ணன் அவர்களுடைய தலைவனைத் தனியாகக் கூட்டிப்போய் ரொம்ப நேரம் பேசினார். கையை அந்தப் பக்கம் நீட்டி நீட்டிக் காட்டினார். அந்தப் பையன் முதலில் சிரித்தான், அப்புறம் சிரிக்கவில்லை. கிளம்பும்போது அவன் என்னிடம் வந்து என் போன் எண்ணை எழுதிக் கொடுக்கச் சொன்னான். அவனுடைய உள்ளங்கையில் பெயின்ட் பேனாவால் எழுதினேன், காகிதமெல்லாம் மூட்டைக்குள் போய்விட்டது.

தூக்கப் பையைப் பனாஸ் அண்ணன் எடுத்துக்கொண்டார். இனி தான் அதில் படுக்கப் போகிறாராம். படுப்பாரா, தெரியாது.

அக்டோபர் 3

புது இடம். சேறு. அடுப்பு புகைகிறது. ‘தூங்குறானா?’ இரண்டு நாளாகப் பதில் இல்லாமல் கிடக்கிறது. அந்தப் பையன் கையைக் கழுவியிருப்பான், வேறென்ன.

அக்டோபர் 4

காலையில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன், வரேனிகிக் கொழுக்கட்டைக்கு. தெரியாத எண்ணிலிருந்து ஒரு சொல் வந்தது. மாவுக் கையோடு அப்படியே பரஸ்கா அம்மாவுக்கு அனுப்பினேன்.

தூங்குறான்.